கட்-அவுட் புக் கையால செய்யறீங்களா: கோளாறு எங்க தெரியுது, எங்க ஆரம்பிச்சுது

டிசைனர் ஃபைல் அனுப்பிட்டாங்க, ஸ்க்ரீன்ல பார்த்தா பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை, ஓட்டைக்குள்ள அடுத்த பக்கத்தோட கலர், அதுக்குள்ள இன்னொரு எழுத்துன்னு எல்லாம் அழகா இருக்கு, இப்ப அதை பேப்பர்ல வெட்டி தைச்சு ஒரு நிஜ புக்கா கொண்டு வர்ற வேலை உங்க தலைல விழுந்திருக்குன்னா இது உங்களுக்குத்தான். முழுசா படிக்கணும்னு இல்ல, உங்க கோளாறு எதுவோ அங்க போயிடுங்க.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த மாதிரி புக்ல கோளாறு தெரியற இடமும் அது ஆரம்பிச்ச இடமும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது. சாதா புக்ல ஒரு பக்கத்துல தப்புன்னா அந்தப் பக்கத்தோட போச்சு, இங்க ஒரு ஓட்டைன்னா அது முன்பக்கத்துக்கும் சொந்தம், திருப்பினா பின்பக்கத்துக்கும் சொந்தம், கீழ எட்டிப் பார்க்கற பக்கத்துக்கும் சொந்தம். அதனால கத்திய எடுத்து சரிபண்ண கிளம்பறதுக்கு முன்னாடி தப்பு எப்படி நடக்குதுன்னு பாருங்க. எந்தக் காப்பி எடுத்தாலும் அதே இடத்துல அதே தப்புன்னா அது ஃபைல்ல இருக்கு, டிசைனர்கிட்ட பேசணும். ஒவ்வொரு காப்பிலயும் வேற வேற இடத்துல வருதுன்னா கை, ப்ளேடு, தாளைப் பிடிச்சு ஒட்டி வைக்கற டேப், இந்த மூணுல ஒண்ணு. முதல் பக்கத்துல இத்துனூண்டா ஆரம்பிச்சு உள்ள போகப் போக பெருசாகுதுன்னா பேப்பர் தடிமனும் பைண்டிங்கும் சேர்ந்து பண்ற வேலை, அதுக்கு எவ்ளோ கவனமா வெட்டினாலும் தீராது.

ஜன்னல் வழியா தெரிய வேண்டியது தெரியல, ஓரமா நகர்ந்து நிக்குது

ஜன்னல்னு நான் சொல்றது பக்கத்துல வெட்டற ஓட்டையைத்தான். எல்லாரும் முதல்ல மாட்டிக்கறது இதுலதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நகர்வு உள்ள போகப் போக கூடுதா? அப்ப தாள்களை ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு வெச்சு நடுவுல தைச்சிருப்பீங்க. மடிச்ச தாளுக்குள்ள இன்னொரு மடிச்ச தாள் உட்காரும்போது உள்ள இருக்கறது ஒரு தாள் தடிமன் அளவுக்கு வெளிய தள்ளும். 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கற கணக்கு) கோட்டிங் இல்லாத பேப்பர் ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிமன் இருக்கும், அப்படி எட்டு தாள் மடிச்சு செருகினா கடைசி தாள் முதல் தாளை விட 1.4 மி.மீ. வெளிய நிக்கும். சாதா புக்ல வெளி ஓரத்தை ட்ரிம் பண்ணிட்டு இதை மறந்துடலாம். ஓட்டை இருக்கற புக்ல மறக்க முடியாது, ஏன்னா ஓரம்தான் சமமாகுது, ஜன்னல் நகர்ந்தது நகர்ந்ததுதான். 4 மி.மீ. ஜன்னல் வழியா 3 மி.மீ. எழுத்து தெரியணும்னு டிசைன் இருந்தா 1.4 மி.மீ.ல கதை முடிஞ்சுது.

இதுக்கு மூணு வழி இருக்கு. ஒரு செட்டுல ரெண்டு மூணு தாளுக்கு மேல மடிச்சு வைக்காம நிறைய சின்ன செட்டா பிரிச்சு தைக்கலாம். இல்லேன்னா டிசைனர்கிட்ட சொல்லி உள் பக்கங்களோட ஜன்னலையும் அச்சையும் சேர்த்து தாளுக்கு ஒரு தடிமன் வீதம் முதுகு பக்கமா நகர்த்தி ஃபைல் வாங்கலாம், இது கணக்குப்படி சரி, ஆனா பேப்பர் மாத்தினா கணக்கும் மாறும், மறுபடி அவங்ககிட்ட போய் நிக்கணும். எனக்குப் பிடிச்சது மூணாவது வழி: ஒண்ணுக்குள்ள ஒண்ணு வைக்கறதையே விட்டுடறது. ஒவ்வொரு விரிப்பையும் (புக்கை விரிச்சா எதிரெதிரா தெரியற ரெண்டு பக்கம்) ஒரே தாள்ல ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் பண்ணி, அச்சு உள்ள இருக்கற மாதிரி நடுவுல மடிச்சு, வரிசையா அடுக்கி, அடுத்தடுத்த தாளோட முதுகையும் வெளி ஓரத்தையும் ஒட்டிக்கிட்டே போறது. தையலே இல்ல, புக் தட்டையா விரியும், மேல சொன்ன நகர்வு வராது. ஒவ்வொரு ஏடும் ரெண்டு தாள் சேர்ந்ததுங்கறதால ஓட்டை போட்ட பக்கத்துக்கு பலமும் கிடைக்குது. ரெண்டு தாளையும் தாண்டி வெட்டணும், அது ஒண்ணுதான் கூடுதல் வேலை.

நகர்வு எல்லா பக்கத்துலயும் ஒரே அளவா இருக்கா? அப்ப பிரிண்டரை பாருங்க. ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுக்கும்போது முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மி.மீ. வித்தியாசம் வர்றது சகஜம், வீட்டு பிரிண்டர்ல அதுக்கு மேலயும் வரும். நாலு மூலைலயும் சின்ன கூட்டல் குறி வெச்சு ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, எவ்ளோ எந்தப் பக்கம் விலகுதுன்னு தெரிஞ்சிடும். அந்த அளவை ஃபைல்ல எதிர்ப்பக்கம் தள்ளினா சரியாயிடும்.

ஒரு ஒழுங்கே இல்லாம கண்டபடி நகருதா? அது நீங்க தாளை வைக்கற விதம். பேப்பர் ஓரத்தை வெச்சு அளவு எடுக்காதீங்க, கடைல வர்ற தாள் ஓரம் நேரா இருக்கும்னு நம்பறது ரிஸ்க். ட்ரிம் கோட்டுக்கு வெளிய, முதுகுக்கு எதிர்ப்பக்க மார்ஜின்ல, எல்லா தாள்லயும் ரெண்டு துளை போட்டு, ஒரு அட்டைல நட்டு வெச்ச ரெண்டு ஊசில மாட்டி வெச்சே வெட்டுங்க. எல்லா பக்கமும் அதே ரெண்டு ஊசிய நம்பி நிக்கும். வெளி ஓர ட்ரிம் கடைசி வேலை, அதுக்கு முன்னாடி அந்த மார்ஜினை வெட்டிட்டீங்கன்னா பிடிக்க ஒண்ணும் இருக்காது.

எல்லா பக்கத்தையும் துளைச்சுட்டு போற ஒரே அளவு ஓட்டைன்னா மட்டும் தனித்தனியா வெட்டாதீங்க, பைண்ட் பண்ணினப்புறம் ஏட்டுக்கு நடுவுல கனமான அட்டை செருகி, மேல் ஏட்டோட ஓட்டையையே டெம்ப்ளேட்டா வெச்சு ஒவ்வொண்ணா கீழ இறங்குங்க. ஆனா ஒண்ணு, முதல் ஓட்டை கோணலா போச்சுன்னா கடைசி வரைக்கும் அதே கோணல்தான்.

முன்பக்கம் அருமையா இருக்கு, திருப்பினா வரி பாதியில அறுந்து போயிருக்கு

இது கை தப்பே இல்ல. ஸ்க்ரீன்ல ஒவ்வொரு பக்கமும் தனித்தனி படம், அதனால வலது பக்கத்துல இடது மூலைல வெட்டற ஓட்டை, தாளைத் திருப்பினதும் வலது மூலைல வந்து நிக்கும்ங்கறது ஃபைல்ல உட்கார்ந்திருக்கும்போது ஞாபகத்துல நிக்கறதில்ல. டிசைனர்கிட்ட வெட்டுக் கோடுகளை தனி லேயர்ல ஒரே கலர்ல கேளுங்க, அதோட ஒவ்வொரு பின்பக்கத்துலயும் அந்தக் கோடுகளை கண்ணாடி பிம்பமா திருப்பிப் போட்டு வரச் சொல்லுங்க. ஓட்டை ஓரத்துலேர்ந்து குறைஞ்சது 4 மி.மீ. தள்ளி எழுத்து இருக்கட்டும்.

இதை மெயில்ல விளக்கிட்டு இருக்கறத விட சாதா பேப்பர்ல ஒரு டம்மி செஞ்சு, ஓட்டை வெட்டி, பக்கம் நம்பர் மட்டும் எழுதி, திருப்பித் திருப்பி வீடியோ எடுத்து அனுப்புங்க. பிடிஎஃப்ல மூணு தடவை சொன்னாலும் புரியாதது அந்த வீடியோல ஒரே தடவைல புரிஞ்சிடும். அப்படியே இன்னொண்ணும் கேட்டு வாங்கிக்கோங்க: எந்த ஓட்டை ஒரு மி.மீ. நகர்ந்தா பரவாயில்ல, எது நகரவே கூடாது? எல்லாமே முக்கியம்னு சொல்ற டிசைனரை நம்பாதீங்க, டம்மிய கையில குடுத்து திரும்ப கேளுங்க, அப்ப உண்மையான பதில் வரும்.

எழுத்தை வெட்டினா நடுவுல இருக்கறது சேர்ந்து விழுந்துடுது

எழுத்தையே ஓட்டையா வெட்டும்போது உள்ள மூடின வட்டம் இருந்தா அதைப் பிடிச்சு வைக்க ஒண்ணும் இருக்காது. தமிழ் எழுத்துல இது ரொம்பவே உண்டு. ப, ட மாதிரி திறந்த எழுத்து பிரச்சனையே இல்ல, க, வ, ம, ண எல்லாம் சுழிக்குள்ள ஒரு தீவை வெச்சிருக்கும். அந்தத் தீவை கரையோட சேர்க்க ஒரு பாலம் விடணும். ஃபைல்ல அது இல்லேன்னா நீங்களா ஒரு இடத்துல விட்டுடாதீங்க, டிசைனரையே எழுத்துல கோடு இயல்பா மெலிசாகற இடத்துல போட்டுத் தரச் சொல்லுங்க, நாம தோணின இடத்துல விட்டா வேற எழுத்தா படிக்கற ஆபத்து இருக்கு.

பால அகலம் 160 - 200 ஜிஎஸ்எம்க்கு 3 மி.மீ. நிம்மதி, 2 மி.மீ. தாங்கும், ஒரு மி.மீ.ன்னா காட்டறதுக்கு ஓகே, பத்து பேர் கைல போற புக்குக்கு வேண்டாம். பாலம் எந்தத் திசைல ஓடுதுங்கறதும் முக்கியம், பேப்பர் நாரோட திசைலயே (அதை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கீழ 'பக்கம் தொங்குது'ல இருக்கு) நீளமா ஓடற பாலம் உறுதியா இருக்கும், குறுக்க ஓடறது அதே அகலம்னாலும் சீக்கிரம் கிழியும்.

புள்ளி வெச்ச எழுத்துக்கு புள்ளிய கத்தியால வட்டமா வெட்ட முயற்சி பண்ணாதீங்க. துளை போடற பஞ்ச், சுத்தியல், அடியில ஒரு பழைய கட்டிங் மேட் துண்டு, அவ்ளோதான்.

ஜன்னல் மூலை கிழிஞ்சுக்கிட்டே போகுது

உத்துப் பாருங்க, மூலைல ப்ளேடு கோட்டைத் தாண்டி அரை மி.மீ. போயிருக்கும். அந்த சின்னக் கீறல்தான் கிழிசலோட வாசல், பக்கம் வளையற ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் முன்னேறும். ஸ்கேலை வெச்சு மூலையை நோக்கி இழுக்காதீங்க. ப்ளேடு நுனிய மூலைல குத்தி வெச்சு, மூலைலேர்ந்து நடுப்பக்கமா இழுங்க, அப்புறம் தாளைத் திருப்பி எதிர் மூலைலேர்ந்து அதே மாதிரி இழுத்து நடுவுல சேருங்க. துண்டு தானா விழலேன்னா பிடிச்சு இழுக்காதீங்க, மூலைல நார் ஒட்டியிருக்குன்னு அர்த்தம், நுனிய அங்க ஒருமுறை குத்துங்க. டிசைன் அனுமதிச்சா மூலைய ஒரு மி.மீ. ஆரத்துல உருட்டிடுங்க, கண்ணுக்கு கூர் மூலையாவே தெரியும், கிழியறது வெகுவா குறையும்.

ஏற்கெனவே கிழிஞ்சதுக்கு செலோ டேப் வேண்டாம், மஞ்சளாகி பசை வழியும். மெல்லிய நார் உள்ள டிஷ்யூ பேப்பரை கத்தியால வெட்டாம கையால கிழிச்சு, மாவுப் பசை தொட்டு பின்பக்கம் ஒட்டினா கண்ணுக்கே தெரியாது.

ஓரம் பிசிறு பிசிறா இருக்கு

ப்ளேடு மழுங்கினதுதான் பாதி நேரம். பேப்பர் இழுபடுது, வெட்டும்போது சத்தம் மாறுது, ஓரத்துல வெள்ளைத் தூள் உதிருது, இதுல ஒண்ணு வந்தாலே நுனிய மாத்துங்க, காசு பார்க்காதீங்க. மறுசுழற்சி பேப்பரும் கோட்டிங் பேப்பரும் உள்ள இருக்கற தாதுப் பொடியால ப்ளேடை சீக்கிரம் தின்னுடும்.

புது ப்ளேடு போட்டும் பிசிறுன்னா அழுத்தம். ஒரே இழுப்புல வெட்டணும்னு அமுக்கினா நார் அறுபடாது, நசுங்கும். லேசா ரெண்டு மூணு தடவை போங்க. கட்டிங் மேட்ல பழைய ஆழமான கோடு இருந்தா ப்ளேடு அதுல வழுக்கி நம்ம கோட்டை விட்டு அது கோட்டுல போகும், மேட்டைத் திருப்பிப் போடுங்க. பஞ்சு நார் பேப்பர் எப்படி வெட்டினாலும் கொஞ்சம் முடி மாதிரி நிக்கும், அது அந்தப் பேப்பரோட சுபாவம், பிடிக்கலேன்னா பேப்பர் மாத்தறதுதான் வழி. பின்பக்கம் வர்ற சின்ன மேடு மட்டும்னா போன் ஃபோல்டரால (மடிப்பை அழுத்தித் தேய்க்கற வழவழப்பான பட்டை) தேய்ச்சா படியும்.

வளைவு உடைஞ்சு உடைஞ்சு வருது

கையை வளைக்காதீங்க, தாளைச் சுத்துங்க. கத்தி ஒரே இடத்துல கொஞ்சம் செங்குத்தா நிக்கணும், இடது கை பேப்பரைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். நேர்கோட்டுக்கு இது அப்படியே தலைகீழ், கத்தியப் படுத்து பிடிங்க. 30 டிகிரி நுனி உள்ள ப்ளேடு சின்ன வளைவுக்கு நல்லா வளையும், அகல கட்டரோட சாதா ப்ளேடு வளையாது. வரிசையும் இருக்கு: சின்ன நுணுக்கமான ஓட்டை முதல்ல, பெரிய ஜன்னல் கடைசில. பெருசை முதல்ல எடுத்துட்டா மிச்ச பேப்பர் ஆட ஆரம்பிச்சு சின்னது எதுவும் உருப்படியா வராது.

பக்கம் தொங்குது, நிக்கவே மாட்டேங்குது

நார் திசைய பாருங்க முதல்ல. தாளை ரெண்டு பக்கமும் மெதுவா வளைச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ அந்த வளைவுக்கு இணையா நார் ஓடுது. சந்தேகம்னா ஒரு சின்ன துண்டை ஒரு பக்கம் மட்டும் நனைங்க, அது சுருண்டு குழாய் மாதிரி ஆகும், அந்தக் குழாயோட நீளம் எந்தத் திசையோ அதுதான் நார் திசை. நார் முதுகுக்கு இணையா இருக்கணும், அப்பதான் பக்கம் மென்மையா திரும்பும், முதுகு மடிப்பு வெடிக்காது. குறுக்க இருந்தா பக்கம் முரண்டு பிடிக்கும், பசை பட்டதும் முதுகு பக்கம் சுருங்கி நெளியும்.

திசை சரியா இருந்தும் தொங்குதுன்னா வெளி ஓரத்துல விட்ட சட்டம் போதல. பெரிய ஜன்னலுக்கு நாலு பக்கமும் 15 மி.மீ. இருந்தா நல்லது, முதுகு பக்கம் இன்னும் கொஞ்சம் கூட. அதைக் கூட்ட டிசைனர் ஒத்துக்கலேன்னா ஜிஎஸ்எம் ஏத்தறத விட ரெண்டு மெல்லிய தாளை ஒரே நார் திசைல ஒட்டறது மேல். 250க்கு மேல போனா கையால சின்ன ஓட்டை வெட்டறது தண்டனை.

திருப்பும்போது ஒரு பக்கம் இன்னொண்ணுல மாட்டுது

ஒரு பக்கம் மட்டும் ஒட்டி மறுநுனி சும்மா நிக்கற நாக்கு மாதிரி வடிவம் எங்கயாவது இருக்கும், அது பக்கத்து ஓட்டைக்குள்ள நுழைஞ்சு கொக்கி போடும். நுனிய உருட்டினா கொஞ்சம் குறையும். நுனிலேர்ந்து எதிர் ஓரத்துக்கு ஒரு மெல்லிய பாலம் விட்டா சுத்தமா நிக்கும். ரெண்டுமே டிசைனைக் கெடுக்குதுன்னா நடுவுல ஓட்டையே இல்லாத முழு ஏடு ஒண்ணு வைங்க. அந்த ஏடு வாசிப்புல ஒரு மூச்சு விடற இடமாவும் ஆகும், சில டிசைனர்கள் இதைக் கேட்டதும் சந்தோஷப்படுவாங்க, சிலர் பக்க எண்ணிக்கை கூடுதுன்னு முகம் சுளிப்பாங்க. எனக்கு முழு ஏடு வைக்கறதுதான் பிடிக்கும்.

ஒட்டின இடம் அலை அலையா ஆயிடுச்சு

வெள்ளைப் பசைல தண்ணி இருக்கு, தண்ணி பட்டா நார் அகலவாக்குல உப்பும், காஞ்சதும் சுருங்கும். ஒட்டற ரெண்டு தாளும் வேற வேற நார் திசைன்னா ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே இருக்கும், அதை எந்த பாரமும் நேராக்காது. திசை ஒண்ணா வெச்சு, பசைய மெல்லிசா தடவி, மேலயும் கீழயும் பசை ஒட்டாத சிலிகான் பேப்பர் வெச்சு ராத்திரி முழுக்க பாரத்துல விடுங்க. ஓட்டை இருக்கற ஏட்டுல இன்னொரு வம்பு, ஓரத்துல பிதுங்கற பசை ஜன்னல் வழியா கீழ இறங்கி அடுத்த பக்கத்தையும் ஒட்டிடும். முடிஞ்சா முழுசா ஒட்டி காயவெச்சு அப்புறம் ஜன்னலை வெட்டுங்க. ரொம்ப மெல்லிய பேப்பர்னா டபுள் சைட் டேப்புக்கு மாறிடுங்க, ஆனா அதுல ஒருதடவை வெச்சா வெச்சதுதான், நகர்த்த முடியாது.

அட்டை மட்டும் ஒரு பக்கமா வில்லா வளைஞ்சா, பசை போட்ட பக்கம் இழுக்குது. எதிர்ப்பக்கமும் அதே பேப்பர் ஒட்டினா இழுப்பு சமமாகும்.

கருப்பு பக்கத்துல ஓட்டை ஓரம் வெள்ளைக் கோடா தெரியுது

மேல அச்சடிச்ச கருப்பு, உள்ள பேப்பர் வெள்ளை, வெட்டினதும் தெரியத்தான் செய்யும். உள்ளயும் சாயம் ஏறின கலர் பேப்பர் வாங்கறதுதான் நேர்வழி. அச்சடிச்சது ஏற்கெனவே கைல இருக்குன்னா மார்க்கர் போடாதீங்க, கோட்டிங் இல்லாத பேப்பர்ல மை நார் வழியா உள்ள ஊறி முகப்புல கறையா வரும், கலர் பென்சிலைப் படுக்க வெச்சு ஓரத்துல மட்டும் தேய்ங்க.

லேசர்ல குடுத்தா ஓரம் பழுப்பா வருது

சூட்டுல எரிச்சுத்தான் அது வெட்டுது, கொஞ்சம் பழுப்பு இருக்கும். பவரைக் குறைச்சு வேகத்தைக் கூட்டி, தேவைன்னா ரெண்டு பாஸ் போகச் சொல்லுங்க, லேசா ஒட்டற மாஸ்கிங் பேப்பர் ரெண்டு பக்கமும் போட்டா புகைக் கறை அதோட போயிடும். அதை உரிக்கும்போது மெல்லிய பாலம் கிழியாம பார்த்துக்கோங்க. பிவிசி ஷீட் எதையும் நடுவுல சேர்த்து லேசர்ல வைக்கவே கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஆளுக்கும் கெடுதல், மெஷினுக்கும் கெடுதல். அந்தப் பழுப்பே டிசைனுக்கு பொருந்துதான்னும் ஒருதடவை கேட்டுப் பாருங்க, எல்லாத்தையும் கோளாறுன்னு நினைக்க வேண்டியதில்ல.

மூடினா முதுகு ஒல்லி, வெளி ஓரம் குண்டு

நடுவுல ஏதாவது துண்டு ஒட்டியிருந்தா, பாப்-அப் மாதிரி மடிச்சு வெச்சிருந்தா அந்த தடிமன் முதுகுலயும் இருக்கணும். அந்த இடத்துல முதுகு பக்கம் அதே பேப்பர்ல ஒரு குறுகலான பட்டை சேர்த்து தைங்க. இதுக்கு நேர் எதிரா எல்லா ஓட்டையும் ஒரே இடத்துல குவிஞ்சு நடுவுல பள்ளம் விழுதுன்னா, பாரம் வைக்கும்போது அந்தப் பள்ளத்துக்கு வெட்டி எடுத்த துண்டுகளையே திரும்ப செருகி வெச்சு அழுத்துங்க. அதனாலதான் வெட்டின துண்டை குப்பைல போடாம பக்க எண் எழுதி ஒரு கவர்ல போட்டு வைக்கச் சொல்றேன்.

முதல் காப்பி சரி, அடுத்த காப்பி வேற மாதிரி வருது

பேப்பர் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், விடும், அளவும் கொஞ்சம் மாறும். லேசர் பிரிண்டர்ல வந்த தாள் சூட்டுல காஞ்சு சுருண்டிருக்கும், உடனே வெட்டாம வெட்டப்போற ரூம்லயே ஒரு நாள் தட்டையா பாரத்துல வைங்க. அப்புறம் பேப்பர் டெம்ப்ளேட்டை விட்டுடுங்க, ஒவ்வொரு காப்பி வெட்டும்போதும் ப்ளேடு அதோட ஓரத்தையும் ஒரு முடி அளவு சீவிக்கிட்டே இருக்கும், ஓட்டை மெதுவா பெருசாகும். கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்ல ஒண்ணு வெட்டி வெச்சுக்கோங்க, அதுல கோடு மட்டும் பென்சில்ல இழுங்க, கத்திய அதுமேல ஓட்டாதீங்க. டெம்ப்ளேட்டோட மேல் வலது மூலைய சாய்வா ஒரு வெட்டு வெட்டிடுங்க, எது மேல எது கீழன்னு குழம்பி தலைகீழா வைக்கறது நிக்கும்.